விடியற்காலையில் எழச் சொல்லும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தை வளர்ப்பு, இல்லறம், மகளிர் முன்னேற்றம் என்று அட்டையில் போட்டுப் புத்தகம் வெளியிடுகிற தமிழ்ப் பதிப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சேலம் அம்மாப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் ஒரு இரும்பு அலமாரி நிறைய உங்கள் புத்தகங்கள்தான். புத்தகத் திருவிழாவில் வாங்கியது பாதி, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போக இருந்ததை எடுத்து வந்தது பாதி. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வருகிறவர்கள் வேண்டியதை எடுத்துப் போவார்கள், துணி வாங்க வரும்போது திருப்பிக் கொடுப்பார்கள். வாடகை எல்லாம் இல்லை, ஒரு நோட்டில் பெயர் மட்டும் எழுதி வைத்துக்கொள்வேன். புத்தகம் ஸ்டாலை விட்டுப் போனதோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் அது எந்த மாதிரி வீட்டுக்குப் போகிறது, எத்தனையாவது பக்கத்தில் நின்றுபோகிறது, எந்த வரியைப் படித்துச் சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள், கொஞ்சம் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

திரும்பி வருகிற புத்தகத்தைத் திறக்கக்கூட வேண்டியதில்லை, மூடி வைத்தபடி பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தாலே போதும். குழந்தை வளர்ப்புப் புத்தகம் என்றால் காய்ச்சல், பேதி, ஆறு மாதத்துக்கு மேல் என்ன ஊட்டுவது என்கிற பக்கங்கள் மட்டும் கருத்திருக்கும். வெள்ளிக் கொலுசு வேலை செய்கிற வீட்டிலிருந்து வந்திருந்தால் அந்தக் கருப்பு இன்னும் அழுத்தமாக, விரல் ரேகை தெரிகிற அளவுக்கு இருக்கும். மீதிப் பக்கங்கள் அச்சகத்து வெள்ளை மாறாமல் வரும். மகளிர் முன்னேற்றப் புத்தகம் என்றால் முன்னுரையும் முதல் அத்தியாயமும் அழுக்கு, அப்புறம் கடைசிவரை சுத்தம். அப்படி ஒன்றில் மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்டிய ரசீது அடையாளத்துக்கு வைத்தபடியே திரும்பி வந்தது, முப்பது முப்பத்திரண்டாம் பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் 'தினமும் ஒரு மணி நேரத்தை உங்களுக்கென்று மட்டும் ஒதுக்குங்கள்' என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் 'எப்ப?' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று நோட்டைப் புரட்டினால் கண்டுபிடித்துவிடலாம். புரட்டவில்லை. எடுத்துப் போன எல்லாருக்குமே அதை எழுதத் தோன்றியிருக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டில் எது கோணலாக இருந்தாலும் உங்கள் புத்தகங்களில் திருந்த வேண்டிய ஆள் ஒருத்திதான். குழந்தை அடம் பிடித்தால் அம்மா பொறுமை பழக வேண்டும். கணவர் சத்தம் போட்டால் மனைவி பேசுகிற நேரம் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். மாமியாரோடு ஒத்துப்போகவில்லையா, மருமகள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்து அவளுக்கே அசதியாக இருக்கிறதா, அதற்கும் அவள்தான் விடியற்காலையில் எழுந்து மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று தலைப்பில் மூன்று புத்தகமாக விற்கிறீர்கள், அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால் ஒரே ஆளுக்கு மூன்று வேலைப் பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த விடியற்காலை விஷயத்தை எழுதுகிறவர்களை ஒரு வாரம் எங்கள் பக்கம் அனுப்பி வையுங்கள். விசைத்தறி ஓடுகிற வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கமே தறிச் சத்தத்துக்கு நடுவில்தான். தண்ணீர் விடுகிற நாளென்றால் நாலு மணிக்கே குடத்தோடு நிற்க வேண்டும். அவள் ஏற்கெனவே எழுந்துதான் இருக்கிறாள் சார். அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் வேறு யார் எழுந்து கொடுப்பது, அதைக் கேட்டு வாங்குவது எப்படி, கேட்டால் வருகிற பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு அத்தியாயம் போடுங்கள், அந்தப் பக்கம் கருக்கிறதா இல்லையா பார்ப்போம்.

குழந்தை வளர்ப்புப் புத்தகங்களுக்கு வருகிறேன். எல்லாமே 'அன்பான அம்மாக்களே' என்றுதான் ஆரம்பிக்கின்றன. எங்கள் ஊரில் பாதிக் குழந்தைகளைப் பகல் முழுக்க வைத்திருப்பது பாட்டிகள்தான், எங்கள் பேச்சில் ஆயாவோ அம்மாயியோ. அம்மா தறிக்கோ, ஜவ்வரிசி மில்லுக்கோ, ஜவுளிக் கடைக்கோ போயிருப்பாள், இல்லாவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்கு வளையம் கோர்த்துக்கொண்டிருப்பாள், அவள் கையில் வேலை இருக்கும்போது குழந்தை ஆயா மடியில்தான். அந்த ஆயாவுக்கு உங்கள் புத்தகங்களில் ஒரு பக்கம் கிடையாது. வந்தாலும் பழைய காலத்து மனுஷி, பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்று ஒரு வரி, அதோடு சரி. எடுத்துச் சொல்வதுதானே இருக்கிற வேலையிலேயே பெரிய வேலை, அதை ஒரு வரியில் தாண்டிப் போனால் எப்படி?

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் மூத்தவர் யாராவது சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பார். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கிவிடும், குழந்தை துவண்டு போகும், மூச்சு விடுவதற்கே சிரமம் வரலாம். குளிக்க வைக்கும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதையும் ஆயாவிடம் யாராவது காரணத்தோடு சொல்ல வேண்டும். ஆனால் என் அலமாரியில் இருக்கிற 'நம் பாட்டி காலத்துக் குழந்தை வளர்ப்பு' வகைப் புத்தகம் ஒன்று பிறந்த குழந்தைக்குத் தேனைச் சிபாரிசு செய்கிறது, பின்னட்டையில் மயிலிறகுப் படத்தோடு. எழுதியவர் யார், என்ன படித்தவர், எந்த டாக்டரிடம் காட்டினார் என்று எங்கேயும் இல்லை. அந்தப் புத்தகத்தை இப்போது யாருக்கும் தருவதில்லை, அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

ஆயாக்களுக்கு எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆயாக்கள் இருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு மூத்த பேரப்பிள்ளை வாசித்துக் காட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம், 'நீங்கள் செய்ததெல்லாம் தப்பு' என்கிற குரல் இல்லாமல் 'அப்போது இது தெரியாது, இப்போது தெரிந்திருக்கிறது' என்கிற குரலில். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற உரை மருந்தையும் வசம்பையும் பற்றிக் கேட்டால் டாக்டர் என்ன சொல்வார் என்பதை மழுப்பாமல் போடுங்கள். மருமகள் வாயால் வந்தால் சண்டையாகிப் போகிற விஷயம், அச்சில் இருந்தால் ஆயாவே மற்ற ஆயாக்களிடம் போய்ச் சொல்வார்.

அப்பாக்கள் விஷயம் இன்னும் மோசம். உங்கள் புத்தகத்தில் அப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறவர். சங்ககிரிப் பக்கம் வீட்டுக்கு வீடு லாரி ஓட்டுகிறார்கள். வடநாட்டு லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அந்த மனுஷன் போனில் பிள்ளையோடு என்ன பேசலாம், 'அம்மா சொல்றபடி கேளு' என்று சொல்லி வைத்துவிடாமல் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பத்து நிமிஷம் கேட்பது எப்படி, வீடு திரும்பிய நாளில் பிள்ளை கிட்டே வராமல் ஒதுங்கி நின்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது, இப்படியெல்லாம் ஒரு சின்னப் புத்தகம் போட்டால் லாரி கேபினில் வைத்துப் படிப்பார்கள். நிச்சயம் படிப்பார்கள், அவர்கள் படிக்கிற கிரைம் நாவல்களைப் பழைய பேப்பர் கடையில் கட்டுக் கட்டாகப் பார்க்கிறேன்.

சாப்பாட்டு அத்தியாயங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓட்ஸ், அவகேடோ, ஸ்ட்ராபெர்ரி. தட்டில் சிரிக்கிற முகம் மாதிரி பழங்களை அடுக்க வேண்டுமாம். ஒரு பெண் அந்தப் படத்தைக் கடையில் எல்லாரிடமும் காட்டிக் காட்டிச் சிரித்தது. இது ஜவ்வரிசி ஊர். இங்கே பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் ஞாபகம் வருவது ஜவ்வரிசிக் கஞ்சி. அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, புரதம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை, வயிறு நிறையும், வளர்ச்சிக்குப் பத்தாது, பருப்போ பாலோ முட்டையோ சேர்ந்தால்தான் சாப்பாடு. இந்த ஒரு தகவலைச் சொல்கிற குழந்தைப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சேலத்தில் விற்கக் கொண்டுவருகிறீர்களே, சேலத்துக் குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று ஒருத்தராவது கேட்க மாட்டீர்களா? அரசுப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் 2022 முதல் காலை உணவு போடுகிறார்கள், அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள், அதை வாங்கி எப்படிச் செய்து கொடுத்தால் குழந்தை துப்பாமல் சாப்பிடும் என்று எழுதினாலே இருபது பக்கம் தேறும்.

அப்புறம் செல்போன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது எனக்கும் தெரியும், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயது வரைக்கும் தவிர்ப்பது நல்லது, நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நியாயமான பேச்சு. ஆனால் தறி ஓடுகிற அறைக்குப் பக்கத்து அறையில் தவழ்கிற குழந்தை இருந்தால், அது தறிக்கிட்டே வந்துவிடக் கூடாதே என்கிற பயத்தில்தான் கையில் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அவளிடம் போய் 'போனைக் கொடுத்துவிட்டு நிம்மதி தேடும் சோம்பேறித் தாய்' என்று எழுதியிருக்கிறார் ஒருவர். அந்த வரியைப் படித்த பெண் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, "அக்கா, இவரு வந்து புள்ளையப் பிடிச்சுக்கட்டும், நான் போனைப் புடுங்கிக்கிறேன்" என்றது. இரண்டு வயதானால் அங்கன்வாடி இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன வழி, தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து முறை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா, அறைக் கதவுக்குக் குறுக்கே தடுப்பு வைத்தால் எவ்வளவு செலவாகும் என்று யோசித்து எழுதியிருந்தால் அந்த ஆளுக்கு நானே கடிதம் போட்டு நன்றி சொல்லியிருப்பேன்.

மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் தனிக் கூத்து. அடம் பிடிக்கிற குழந்தையை அதன் அறையில் கொஞ்ச நேரம் தனியே விடச் சொல்கிறார்கள். எந்த அறையில்? இயற்கையோடு வளருங்கள், வாரம் ஒரு முறை காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போங்கள் என்கிற புத்தகத்தை ஏற்காட்டிலிருந்து பொங்கலுக்குத் துணி தைக்கக் கீழே இறங்கி வந்த ஒரு அம்மா எடுத்துப் புரட்டினார். சேர்வராயன் மலைக் கிராமம், காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே எஸ்டேட் வழியாகத்தான் நடந்து போகின்றன, காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து. "இதுக்குக் காசு குடுத்து வாங்குறாங்களாங்க?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல.

சரி, சிரிப்பெல்லாம் போதும். இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு குழந்தை வளர்ப்பைப் பற்றிப் படிக்கிறபோது ஒன்று உறுத்துகிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் ஆரம்பித்தது எந்த ஊரிலே? சேலத்திலேதான். பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால் என்றிருந்த காலத்தில், கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசாங்கம் வளர்த்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியிருந்த மாவட்டம் இது. 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 851-தான். பத்து வருடம் கழித்து அது 900-ஐத் தாண்டியது, நல்லதுதான், ஆனால் இரண்டாவதும் பெண் என்றால் பிரசவ வார்டு வாசலில் முகம் சுருங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உங்கள் புத்தகங்களில் கர்ப்ப காலம் பற்றி ஐம்பது அறுபது பக்கம் வருகிறது. குங்குமப்பூ வருகிறது, வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பாட்டுப் போடுவது வருகிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவிடமிருந்து வருகிற எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம், அம்மாவிடம் இருப்பது எக்ஸ் மட்டும்தான் என்கிற பள்ளிக்கூடத்துப் பாடம் வருகிறதா? அதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும், கணவரும் மாமியாரும் சும்மா திருப்பிப் பார்த்தாலும் கண்ணில் படுகிற மாதிரி. மூன்றாவது பெண்ணைப் பெற்றுவிட்டு ஏச்சு வாங்குகிறவளுக்குத் தன்னம்பிக்கை அத்தியாயத்தைவிட அந்த ஒரு பக்கம் உதவும்.

பிரசவத்துக்குப் பிறகு அம்மாவின் மனசு என்ன ஆகிறது என்பதும் அப்படித்தான் விட்டுப்போகிறது. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, தூக்கம் இல்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது நோய், டாக்டரிடம் காட்டினால் சரியாகிற நோய். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் மாதங்களை வீணாக்குகிறார்கள். 14416 என்று மனநல உதவிக்கு ஒரு இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ் என்று பெயர், தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். இதைப் பின்னட்டையில் போட உங்களுக்கு எவ்வளவு செலவாகும்?

இனி மகளிர் முன்னேற்றம். இதில்தான் எனக்கு உங்களோடு பெரிய வழக்கு இருக்கிறது. உன்னை நீயே நேசி, கண்ணாடியைப் பார்த்துப் புன்னகை செய், இல்லை என்று சொல்லப் பழகு. சரி, பழகலாம். எங்கே சொல்ல வேண்டும் என்று யாராவது எழுதினால் அல்லவா பழகுவது? நான் சொல்கிறேன், சார்பதிவாளர் அலுவலகத்தில்.

அப்பா காலமாகி வருடம் திரும்பியிருக்காது, அண்ணன் வீட்டிலிருந்து போன் வரும். ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, காலையில் வந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்பார்கள். போனால் அது விடுதலைப் பத்திரம். எனக்குப் பங்கு வேண்டாம் என்று சகோதரனுக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரம். படிக்க நேரம் தர மாட்டார்கள், பத்திரம் எழுதுகிறவர் பக்கத்துக்குப் பக்கம் விரலை வைத்துக் காட்டுவார், கையெழுத்து, கைரேகை, முடிந்தது. கல்யாணத்துக்கு இத்தனை பவுன் போட்டோம், சீர் செய்தோம், தாய்மாமன் முறைக்கு நாங்கள்தானே வந்து நிற்க வேண்டும் என்கிற பேச்சு காரிலேயே முடிந்திருக்கும். என்னிடம் துணி கொடுக்கிறவர்களில் எத்தனை பேர் இப்படிப் போட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டால், போடாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். ஒரு வித்தியாசமும் தெரியாமல் போட்டவர்கள் அதில் அதிகம். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்துக்கும் அப்பா சுயமாகச் சம்பாதித்ததற்கும் சட்டம் வேறு வேறு. உயில் எழுதாமல் அப்பா போய்விட்டால் அவர் சொந்தமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்னாலேயே கல்யாணமாகிவிட்டவர்களுக்குக் கிடையாது என்கிற நிபந்தனையோடு. 2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டபோது அந்தக் கல்யாணக் கணக்கு போய்விட்டது. அந்த 2005 திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த சந்தேகத்தையும் 2020-ல் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்று சொல்லித் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப் பிரிவினை பதிவாகி முடிந்திருந்தால் அதைத் தொட முடியாது.

இவ்வளவுதான் விஷயம். ஒரு வக்கீலை வைத்துச் சரிபார்த்து, இந்து வீட்டுக்கு ஒன்று, முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளுக்குத் தனித்தனியாகச் சட்டம் என்ன என்று இரண்டு அத்தியாயம் சேர்த்து, கையெழுத்துக்குக் கூப்பிட்டால் முதலில் பத்திரத்தின் நகலை வாங்குங்கள், வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள், பங்கை விட்டுக்கொடுப்பதானாலும் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள் என்று சொல்கிற நூறு பக்கப் புத்தகம் எத்தனை பதிப்பாளர்களிடம் இருக்கிறது? சட்டப் புத்தகம் போடுகிறவர்களிடம் இருக்கும், வக்கீல் வாசிக்கிற தமிழில். மகளிர் அலமாரியில் அது வராது. அங்கே வருவது கோலம், அழகுக் குறிப்பு, மன அமைதி. அண்ணனோடு உறவும் கெடாமல் பங்கையும் கேட்பது எப்படி என்று எழுத ஆளில்லை, ஏனென்றால் அது சுலபமான பதில் உள்ள கேள்வி இல்லை. சுலபமான பதில் உள்ள கேள்விகளுக்கே எத்தனை புத்தகம்தான் போடுவீர்கள்?

எங்கள் பெண்களுக்குக் கணக்கு புரியாது, சட்டம் புரியாது என்று நினைத்து எழுதுகிறீர்களோ என்று சில சமயம் தோன்றும். அதே 1989-ல்தான் பக்கத்துத் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின, கொஞ்ச வருடத்தில் இங்கேயும் வந்துவிட்டன. எட்டாவதோடு நின்றவர்கள் தீர்மான நோட்டு எழுதுகிறார்கள், வட்டி போடுகிறார்கள், பேங்க் மேனேஜர் சொல்கிற தொகையைத் தப்பு என்று சொல்லித் திருத்துகிறார்கள். அவர்களுக்கு எறும்பு சேமித்த கதை சொல்லிச் சேமிப்பின் அருமையை விளக்க வேண்டாம். வாராவாரம் வாசலில் வந்து நிற்கிற தனியார் கடன்காரரிடம் எதைக் கேட்கலாம், அவர் எந்த நேரத்தில் வரக் கூடாது, குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் எவ்வளவு விழும் என்று சொல்லுங்கள்.

நல்ல புத்தகமே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு குழந்தை மருத்துவர் கேள்வி பதிலாக எழுதிய பழைய புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, காலண்டர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன், நடுவில் நூல் விட்டுப்போனதைத் தையல் ஊசியாலேயே கோர்த்தேன், இன்னமும் அதற்குத்தான் வரிசை நிற்கிறது. காரணம் ரொம்பச் சாதாரணம், கேள்வி எங்கள் வீட்டில் கேட்கிற கேள்வி, பதில் அரைப் பக்கம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது தடித்த எழுத்தில். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' போட்டபோது செய்ததும் அதுதானே. உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று அளவு எழுதினார், புதுசாகக் கல்யாணமான பெண் அதை வைத்துக்கொண்டு தனியாக நின்று சமைத்தாள். ருசியாகச் சமைக்க மனதில் அன்பு வேண்டும் என்று அவர் எழுதி நிறுத்தியிருந்தால் இத்தனை வருடம் யார் வாங்கியிருப்பார்கள்?

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. முந்நூறு ரூபாய், நானூறு ரூபாய், வழவழ அட்டை, உள்ளே பாதிப் பக்கம் வெற்றிடமும் பொன்மொழியும். ஒரு லைனிங் ஜாக்கெட்டின் தையல் கூலியைவிட அதிகம் கொடுத்து யார் வாங்குவது? நூறு பக்கம், நூறு ரூபாய்க்குள், நூல் போட்டுத் தைத்த கட்டு. பசை போட்டு ஒட்டினது எங்கள் வெயிலுக்கு ஒரு சித்திரை தாங்காது, பக்கம் பக்கமாகக் கையோடு வருகிறது. எழுதியவர் யார், யார் சரிபார்த்தது என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். சந்தை இப்படி, வாசகிகள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்று சொல்வீர்கள். யாரைக் கேட்டீர்கள் என்று நானும் கேட்பேன். தவிர, சந்தையை மட்டும் நம்பியா இருக்கிறீர்கள்? மாநகராட்சிக்கு வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்த்துத்தான் கட்டுகிறோம், 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. அந்தப் பணத்தில்தான் உங்கள் புத்தகங்கள் நூலகங்களுக்குப் போகின்றன. கொலுசுக்கு வளையம் கோர்க்கிறவளும் வாடகையில் அதைச் சேர்த்துத்தான் கொடுக்கிறாள். கடையில் வந்து வாங்காவிட்டாலும் அவள் உங்களுக்கு வாடிக்கையாளர்தான்.

அடுத்த புத்தகத் திருவிழாவுக்குச் சேலம் வரும்போது மூன்று புத்தகம் கொண்டுவாருங்கள். விடுதலைப் பத்திரம் பற்றி ஒன்று, ஆயாக்களுக்குப் பெரிய எழுத்தில் ஒன்று, வெளியூரில் வண்டி ஓட்டுகிற அப்பாவுக்கு ஒன்று. முதல் இரண்டில் இருபது இருபது பிரதி நானே எடுத்துக்கொள்கிறேன், மகளிர் குழுக்களில் சொல்லி இன்னும் கொஞ்சம் எடுக்க வைக்கலாம். எழுதுவதற்கு முன்னால் யாராவது வந்து நாலு பேரிடம் பேச வேண்டும் என்றால் கடையில் பெஞ்ச் இருக்கிறது, டீ வாங்கித் தருகிறேன், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் கூட்டம் இருக்காது. தீபாவளிக்கு முந்தின மாதமும் பொங்கலுக்கு முந்தின மாதமும் மட்டும் வேண்டாம், ஊசி எடுக்க நேரமிருக்காது. எல்லாருக்கும் கொடுக்கிற பத்து சதவீதக் கழிவுக்கு மேல் எனக்கு எவ்வளவு தர முடியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டைத் தையல்கடைக்காரி,
சேலம்